கழுவிய கைகள்

அந்தத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் சோப்பு அக்காவுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. பெரிய டாக்டர் வந்தால் மற்ற வார்டுகளில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இங்கே அவரே கதவைத் திறந்ததும் நல்ல பிள்ளையாக நேரே குழாயடிக்குப் போய்விடுவார். ஒரு நாள் போனில் பேசிக்கொண்டே இரண்டாம் படுக்கைப் பக்கம் நகர்ந்தவரை அக்கா வழிமறித்து, "டாக்டர், அந்தக் கையை முதல்ல எங்கிட்ட காட்டுங்க" என்றாள். அத்தனை பெரிய மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அன்றிலிருந்து அவருக்கும் புத்தி வந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடச் சர்வீஸ், தலைமை நர்ஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. வார்டில் அவள் எல்லோருக்கும் சோப்பு அக்காதான்.

ஆனால் வெறும் மிரட்டல் பேர்வழி என்று அவளை நினைத்துவிடக் கூடாது. ஒரு நாளைக்கு நூறு தடவை கை கழுவினால் கை என்ன பாடுபடும் என்று கழுவுகிறவர்களுக்குத்தான் தெரியும். விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடும். வெடித்த இடத்தில் சோப்பு பட்டால் உயிர் போகும். சின்னப் பெண்கள் எரிச்சலுக்குப் பயந்து ஒரு தடவை கழுவாமலே மெல்ல நழுவிவிடுவார்கள். அதைக் கண்டுபிடித்த அக்கா, அதிசயமாக, யாரையும் திட்டவில்லை. ஸ்டோரில் போய்ச் சண்டை போட்டு ஐந்து லிட்டர் லோஷன் கேன் ஒன்றை வாங்கிவந்தாள். அதிலிருந்து ஒரு பம்ப் பாட்டிலில் ஊற்றிக் குழாயடியில் வைத்தாள். கழுவு, துடை, ஒரு அழுத்து அழுத்து, தடவிக்கொண்டு போய் வேலையைப் பார்.

அந்தப் பாட்டில் காலியாகி யாரும் பார்த்ததில்லை. பாதிக்குக் கீழே இறங்கினாலே அக்கா கேனைச் சாய்த்து நிரப்பிவிடுவாள். லோஷன் கெட்டியாக இருக்கிறதே என்று கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குலுக்கியும் வைப்பாள். "அக்கா இருக்கற வரைக்கும் நம்ம பாட்டில் வத்தாதுடி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மூன்றாம் படுக்கையில் ஒரு தையல்காரர் இருந்தார். முப்பத்தெட்டு வயது. லாரி இடித்து, ஆறு விலா எலும்பு முறிந்து, நுரையீரல் நசுங்கிய நிலையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தேறுவாரா என்று வார்டே சந்தேகப்பட்ட மனிதர், ஐந்தாறு நாளில் வென்டிலேட்டரைக் குறைக்கக் குறைக்கத் தானாகவே மூச்சு இழுக்கத் தொடங்கினார். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியாது. ஆனாலும் அக்கா புதுச் சீருடை போட்டுக்கொண்டு வந்த அன்று அவர் அவளுடைய தோள்பட்டையையே பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டிக் காட்டினார்.

"அட, இந்த மனுஷனைப் பாருங்கடி! தொண்டையில குழாயை வெச்சுக்கிட்டு என் சட்டையில குத்தம் கண்டுபிடிக்கறார்!" என்று அக்கா வார்டு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த நாளிலிருந்து அவர்மேல் அவளுக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

அவருடைய மனைவி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவள். பார்வையாளர் நேரமான நாலு மணிக்கு, விரல் நுனியில் கறுப்பு மையோடு ஓட்டமும் நடையுமாக வந்து சேருவாள். ஆறாம் நாள் சாயங்காலம் அக்கா அவளிடம், "நாளைக்குக் காலையில குழாயை எடுத்துடுவோம். நீ வர்றப்ப உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், பாரு" என்றாள். அந்தப் பெண் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லா இருக்கணும் அக்கா" என்றாள்.

மறுநாள் காலை அவருக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். குழாயை எடுப்பது எங்கே, வென்டிலேட்டரை மறுபடியும் கூட்ட வேண்டியிருந்தது. மார்பு எக்ஸ்ரே வெள்ளை வெளேரென்று வந்தது. அன்று நாலு மணிக்கு வந்த மனைவி படுக்கையருகில் நின்று, "நேத்து நல்லாத்தானே இருந்தார், அக்கா?" என்று கேட்டாள்.  அக்கா அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாளில் லேப் அறிக்கை வந்தது. அதைக் கொண்டுவந்தவள் கிருமி டாக்டர். ஆஸ்பத்திரியில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வயது முப்பதைத் தாண்டாது. மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டே பேசுவாள். அறிக்கையில் பதினாறு ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. பதினைந்துக்கு நேரே 'கேட்காது' என்று இருந்தது.

"மிச்சம் ஒண்ணே ஒண்ணு. பழைய மருந்து. கிருமியை அடிக்கும், கூடவே கிட்னியையும் அடிக்கும்" என்றாள் கிருமி டாக்டர். "வேற வழியில்ல, அக்கா. இன்னிக்கே ஆரம்பிக்கணும். இந்தக் கிருமி அவரோட வீட்டுலேருந்து வந்தது இல்ல. இங்கதான் எங்கேயோ இருக்கு."

அக்கா அறிக்கையை வாங்கி மறுபடியும் படித்தாள். அவளுடைய வார்டிலா? தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று பெயர் வாங்கிய வார்டிலா?

அந்த வாரமே ஐந்தாம் படுக்கைப் பெரியவருக்கும் அதே கிருமி. ஏற்கெனவே பாதி ஓய்ந்துபோயிருந்த இதயம். இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தார். மகன் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பாவைக் கொண்டுபோனான். கிருமி முடித்ததா, இதயம் முடித்ததா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அக்காவின் கோபம் முழுக்கப் புயல் மேல் திரும்பியது. புயல் என்பது வார்டைத் துடைக்கிற பெண்ணுக்கு வைத்த பெயர். துடைப்பத்தை எடுத்தாளென்றால் நாற்காலி, ஸ்டாண்டு, ஆள் எல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும், அத்தனை வேகம். "மூணும் அஞ்சும் உன் வரிசை. நீ துடைக்கிற அழகு எனக்குத் தெரியாதா? மேலோட மேலோடத் துடைச்சுட்டு ஓடறே! ஒரு உசுரு போச்சு, இன்னொண்ணு ஊசலாடுது" என்று பதினோரு நர்ஸுகள் பார்க்க அக்கா அவளைக் கிழிகிழியென்று கிழித்தாள். அன்றே அவளைப் புறநோயாளிகள் கட்டடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதியும் கொடுத்தாள்.

"பதினோரு வருஷம், அக்கா. ஒரு மூலையை விட்டிருப்பேனா?" என்றாள் புயல்.  வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கிருமி டாக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். துடைப்பம், வாளி, கட்டில் கம்பி, வென்டிலேட்டர் குழாய், கைகழுவும் தொட்டி, கதவுப்பிடி என்று ஒன்று விடாமல் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள். எதிலும் இல்லை. துடைப்பத்தில் இல்லை என்றதும் அக்காவுக்கு உறுத்தியது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "அவ அன்னிக்கு நல்லா அலசியிருப்பா" என்று முணுமுணுத்தாள்.

அதற்குள் தையல்காரரின் சிறுநீர் குறைந்துவிட்டது. மருந்து தன் குணத்தைக் காட்டிவிட்டது. டயாலிசிஸ் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் இப்போதெல்லாம் யார் தோள்பட்டையையும் பார்ப்பதில்லை. கண்ணே திறப்பதில்லை.

கடைசியில் கிருமி டாக்டர் கைகளுக்கு வந்தாள். கிருமியை வளர்த்துப் பார்க்கிற வட்டத் தட்டுகளை மேஜையில் அடுக்கினாள். "எல்லாரும் போய்க் கை கழுவிட்டு, தினமும் என்ன செய்வீங்களோ அதை அப்படியே செஞ்சுட்டு வந்து இதுல விரலைப் பதிங்க" என்றாள். புயலையும் அங்கிருந்து வரவழைத்தாள். அக்கா முதல் ஆளாகக் கழுவினாள், மணிக்கட்டு வரை, கட்டைவிரலைத் தனியாக, நகத்துக்குள் உட்பட. அந்த ஆஸ்பத்திரியிலேயே அப்படிக் கழுவ ஆள் இல்லை.

இரண்டு நாள் கழித்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு, கிருமி டாக்டர் தட்டுகளோடு வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பதினோரு சிஸ்டர்ல ஒம்பது பேர் கையில இருக்கு. உங்க தட்டும் அப்படித்தான், அக்கா. நிறைய இருக்கு."

"என் கையிலயா? நான் கழுவினதை நீங்களே பார்த்தீங்களே!"

"பார்த்தேன். அதான் எனக்கும் புரியல. நாம இத்தனை நாள் கை கழுவாதவங்களைத் தேடிட்டு இருந்தோம். நல்லாக் கழுவினவங்க கையிலதான் கிருமி இருக்கு. சுத்தமா வந்த கை, போன வாரம் பொது வார்டுக்கு மாத்தின சின்ன சிஸ்டர் ரெண்டு பேரோடதும் புயலோடதும்தான்."

டாக்டரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள். அக்கா குழாயடியில் தனியாக நின்றாள். புயலும் இதே குழாயில்தான் கழுவினாள். இதே சோப்பு, துடைத்ததும் இதே காகிதம். அப்புறம்? அப்புறம் புயல் நேராகப் போய்த் தட்டில் விரலை வைத்தாள். லோஷனைத் தொடவில்லை. ஏனென்றால் லோஷன் நர்ஸுகளுக்கு மட்டும் என்று முன்பொரு நாள் அவளிடம் சொன்னது அக்காவேதான். பொது வார்டுக்குப் போன இரண்டு பெண்களுக்கும் இந்தப் பாட்டிலோடு பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அக்கா பாட்டிலைப் பார்த்தாள். மூன்று வருடமாக அது அங்கே இருந்தது. ஒரு தடவையாவது முழுக்கக் காலிசெய்து அதைக் கழுவியதுண்டா? இல்லை. குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தும் அதைக் கழுவ வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பழையதன் மேல் புதிது, புதிதன் மேல் தண்ணீர். அதைத் தடவிய கை நேரே மூன்றாம் படுக்கைக்குப் போயிருக்கிறது. ஐயோ, அவர் நெற்றியை எத்தனை தடவை துடைத்தோம்! அவர் வாயிலிருந்த குழாயை எத்தனை தடவை சரிசெய்தோம்!

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு கை மட்டும் தானாக ஓடியது. மூடியைத் திருகினாள், சுடுதண்ணீரைத் திறந்துவிட்டாள். ஒரு நிமிட வேலை. கொட்டி, அலசி, கேனிலிருந்து புதிதாக ஊற்றி வைத்துவிட்டால் கிருமி போய்விடும், இனி யாருக்கும் வராது. அவள் பெயரும் கெடாது. யார் பார்க்கிறார்கள்? பெண்கள் எல்லாம் படுக்கையருகில் இருந்தார்கள். பாட்டிலைத் தொட்டிக்கு மேல் சாய்த்தும் விட்டாள்.

அந்தக் கேன் நினைவுக்கு வந்தது. அதே லோஷன் குழந்தைகள் வார்டுக்கும் போகிறது, தீக்காய வார்டுக்கும் போகிறது. கிருமி பாட்டிலில் வந்ததா, கேனிலேயே வந்ததா? இதைக் கொட்டிவிட்டால் அந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் கிடையாது. தீக்காய வார்டில் தோலே இல்லாத உடம்புகள் கிடக்கின்றன. அக்கா பாட்டிலை நிமிர்த்தினாள். மூடியைத் திருகி மூடினாள். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்க முடிந்து, வராந்தாவுக்குப் போய்க் கிருமி டாக்டரிடம் நீட்டினாள்.

"இதைப் பாருங்க. இதுல இருக்கும்னு நினைக்கறேன்" என்றாள். "நான் வெச்ச பாட்டில். நான்தான் நிரப்புவேன், நான்தான் தண்ணி கலப்பேன். ஒரு தடவைகூடக் கழுவினதில்ல. இன்னொண்ணும் சொல்லிடறேன். இப்பக் கொட்டிடலாம்னு பார்த்தேன்."

கிருமி டாக்டர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டாள். பையை வாங்கிக்கொண்டாள். "கொட்டலையே" என்று மட்டும் சொன்னாள்.

கேனில் இருக்கட்டும், கடவுளே, கேனில் இருக்கட்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டது உண்மை. கம்பெனியின் தப்பாகிவிடுமே! அப்படி வேண்டிக்கொண்டதற்கு அவளே பிறகு வெட்கப்பட்டாள். முடிவு வந்தது: கேன் சுத்தம், மற்ற வார்டுகளும் சுத்தம். பாட்டில் முழுக்கக் கிருமி.

முதல் வேலையாக அக்கா புறநோயாளிகள் கட்டடத்துக்குப் போய்ப் புயலைத் தனியாகக் கூப்பிட்டாள். "உன்மேல தப்பே இல்ல. என்னை மன்னிச்சுடு" என்றாள்.

புயல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அதென்ன அக்கா, இங்க வந்து காதோட காதாச் சொல்றீங்க? திட்டினது பதினோரு பேர் முன்னாடி. அங்க சொல்லுங்க."

நியாயம்தானே? அக்கா அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் பதினோரு பேர் முன்னால் சொன்னாள். புயல் கேட்டுவிட்டு, "சரி, வாளி எங்க? நான் இல்லாம இந்த இடம் என்ன லட்சணத்துல இருக்குன்னு பாருங்க" என்று வேலையைத் தொடங்கிவிட்டாள்.

அடுத்தது சுலபமாக இல்லை. பெரிய டாக்டர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டு, "ரெண்டு குடும்பத்துக்கும் சொல்லித்தான் ஆகணும். கிருமி டாக்டர் சொல்லிடட்டும். நீங்க போக வேண்டாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"தையல்காரர் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டவ, டாக்டர். நான்தான் சொல்லணும்" என்றாள் அக்கா.

ஐந்தாம் படுக்கைப் பெரியவரின் மகன் வெகுதூரத்தில் இருந்தான். கிருமி டாக்டர் பக்கத்தில் இருக்க, அக்கா போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.  அவன் "சரிங்க" என்றான். வைத்துவிட்டான். அந்த 'சரிங்க' அக்காவைக் கொன்றது. ஏதாவது கேட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப எழுதினார்கள், கூப்பிட்டார்கள். அவன் எடுக்கவே இல்லை.

நாலு மணிக்குத் தையல்காரர் மனைவி வந்தாள். வராந்தா பெஞ்சில் அவளை உட்காரவைத்து, எதிரே நின்றபடி அக்கா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. பாட்டில், தண்ணீர், கழுவாதது, தன் கை எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தெரிஞ்சிருக்காது."

"அப்போ அவருக்கு இந்தக் காய்ச்சல், கிட்னி, அந்த மிஷின், எல்லாம் அதனாலதான்?"

"ஆமாம்மா. அதனாலதான்."

அந்தப் பெண் தன் மை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அடி விழும் என்று நினைத்தாள். விழட்டும் என்றும் நினைத்தாள்.

"சிஸ்டர்" என்றாள் அவள். அதுவரை அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்தான். "எனக்கு உங்கமேல பயங்கரக் கோவம் வருது. ஆனா இப்பக் கோவப்பட எனக்குத் தெம்பில்ல. இருக்கற தெம்பெல்லாம் அவருக்கு வேணும். அவர் பொழைச்சு எழுந்திரிக்கட்டும், அப்புறம் உங்களை வெச்சுக்கறேன். காய்ச்சல் இன்னிக்கு எவ்வளவு?"

"நூத்தி ரெண்டு."

"உள்ள போய்ப் பாருங்க. நின்னுட்டு இருக்காதீங்க."

அக்கா போய்ப் பார்த்தாள். அதன் பிறகு வந்த பதினாறு நாளும் அவள் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல! விசாரணை ஒரு பக்கம் நடந்தது. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். வார்டில் இனி லோஷன் சின்னச் சின்ன டியூபில்தான், ஆளுக்கொன்று, தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டும் என்று விதி வந்தது. புதிதாக யாருக்கும் கிருமி வரவில்லை. ஆனால் மூன்றாம் படுக்கையில் ஒரு நாள் காய்ச்சல் இறங்கும், மறுநாள் ஏறும். ஒரு மத்தியானம் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய், ஆறு பேர் சுற்றி நின்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். அன்று நாலு மணிக்கு மனைவி, "இருக்காரா?" என்று கதவிலேயே கேட்டாள். "இருக்கார்" என்றாள் அக்கா. அவர்களுக்குள் பேச்சே அவ்வளவுதான்.

பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பதிமூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். அவர் முதலில் கேட்டது தண்ணீர். டயாலிசிஸ் மிஷினை ஓரங்கட்டி இரண்டு நாள் பார்த்தார்கள், சிறுநீர் தானாகவே போகத் தொடங்கியிருந்தது. பதினாறாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வார்டுக் கதவு தட்டப்பட்டது. தையல்காரர் மனைவி நின்றிருந்தாள். கடைக்கு லீவு போட்டிருந்தாள் போலிருக்கிறது, தலையை வாரி முடிந்து, கையில் மை இல்லாமல் வந்திருந்தாள். "சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றாள்.

அக்கா வெளியே வந்தாள்.

"டாக்டர் இப்பத்தான் சொன்னார். கிட்னி திரும்பிடுச்சாம். இனிமே ஆபத்து இல்லையாம்."

"ஆமாம்மா. நானும் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்."

"அப்போ நான் இப்பக் கோவப்படலாம்ல?"

"படும்மா" என்றாள் அக்கா.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா? ஊருக்கெல்லாம் கையைக் கழுவு, கையைக் கழுவுன்னு சட்டம் பேசத் தெரியுதுல்ல? ஒரு பாட்டிலைக் கழுவத் தெரியாதா? எங்க வீட்டுல எண்ணெய்ப் பாட்டிலைக்கூட மாசம் ஒரு தடவை கழுவிக் காயவைப்பேன் நான்! படிச்சவங்கதானே நீங்க? ஒரு மாசத்துக்கு மேலா நான் தூங்கல. என் பொண்ணு, அப்பா எப்ப வரும்னு கேட்டப்பெல்லாம் நாளைக்கு நாளைக்குன்னு பொய் சொன்னேன். ஒரு நாள் வெள்ளைப் புடவை இருக்கான்னு பீரோவைத் திறந்து பார்த்துட்டேன் அக்கா, திறந்து பார்த்துட்டேன்! அதுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஒவ்வொரு கேள்வியும் கேட்டாள். வராந்தாவில் போனவர்கள் நின்றார்கள். உள்ளேயிருந்து சின்ன நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள். புயல் வாளியோடு வந்தவள் ஒதுங்கி நின்றாள். பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தவர், ஒரு கணம் நின்று, வந்த வழியே திரும்பிப் போனார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. அந்த 'சரிங்க' என்ற குரல் இத்தனை நாளாகக் காதில் உட்கார்ந்திருந்தது. இப்போது ஒரு மனைவி, புருஷன் பிழைத்துவிட்ட தெம்பில், நடு வராந்தாவில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறாள். கத்தட்டும், கத்தட்டும், இன்னும் நூறு வருடம் கத்தட்டும் என்று அக்காவின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கத்தியவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா உள்ளே ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிச்சுட்டு மிச்சத்தையும் சொல்லு" என்றாள்.

அவள் வாங்கிக் குடித்தாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள்.